வராதவங்களை யார் எண்ணுறது?

நம்ம சிவில் டிபார்ட்மென்ட்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னா பாதிப் பேருக்கு கான்கிரீட் கியூப்தான். ஆத்து மணலுக்குப் பதிலா எம்-சாண்ட், சிமெண்ட்ல கொஞ்சத்துக்குப் பதிலா ஃப்ளை ஆஷ். 7 நாள், 14 நாள், 28 நாள்னு வரிசையா உடைச்சு, கிராஃப் போட்டு, பைண்டிங் பண்ணிட்டா முடிஞ்சது. அதைக் குறை சொல்லல. கியூப் பொய் சொல்லாது. எவ்வளவு லோடுல உடையுதோ அதுதான் விடை.

நாங்க நாலு பேர் எடுத்த தலைப்புல அந்த நிம்மதி இல்ல. தலைப்பு இதுதான்: ஒரு வார்டுல பூங்கா, விளையாட்டுத் திடல், நடைபாதைன்னு ஆறு வேலை காத்துக்கிட்டு இருக்கு. கையில இருக்குற பணம் ரெண்டுக்குத்தான் வரும். எந்த ரெண்டு?

"இதுல என்ன இன்ஜினியரிங் இருக்கு?"ன்னு முதல் ரிவியூலயே கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆறு மாசம் கழிச்சு இப்போ என்கிட்ட ஒரு பதில் இருக்கு. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

பூங்கா யார் வேலை?

நமக்கு பார்க்னா ஒரு எக்ஸ்ட்ரா மாதிரி. ரோடு, தண்ணி, சாக்கடை எல்லாம் முடிஞ்சு மிச்சம் இருந்தா பார்க். அரசியல் சட்டம் அப்படிப் பார்க்கல. 1992-ல வந்த 74-வது திருத்தம் நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம்னு சொன்ன 18 பொறுப்புகள் பன்னிரண்டாவது அட்டவணையில இருக்கு. அதுல 12-வது, பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் மாதிரி நகர வசதிகள். குடிதண்ணி இருக்குற அதே பட்டியல்லதான் ஊஞ்சலும் இருக்கு.

ஆனா பார்க் எங்க வரும்ங்கிறதை நிறைய நேரம் யாரும் முடிவு பண்றதே இல்ல. அது தானா நடக்குது. தமிழ்நாட்டுக் கட்டட விதிகள்ல ஓ.எஸ்.ஆர்.னு ஒண்ணு இருக்கு. பெரிய மனையில லே-அவுட்டோ அடுக்குமாடியோ கட்டினா 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியா உள்ளாட்சிக்குக் கொடுக்கணும். 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா இடமாவே கொடுத்தாகணும். நல்ல விதி. ஆனா யோசிச்சுப் பாருங்க: இதனால புது இடம் எங்க கிடைக்கும்? புதுசா பெரிய பெரிய கட்டடம் வர்ற பக்கம். நான் பொறந்து வளர்ந்த வட சென்னையில, 300 சதுர அடி வீடுங்க தோளோடு தோள் ஒட்டி நிக்கிற தெருவுல, யாரு 10,000 சதுர மீட்டர்ல லே-அவுட் போடப் போறாங்க? இடம் இல்லாத ஊருக்கு இந்த விதியால இடம் வராது. அதனால அங்கே இருக்குற துண்டு துக்காணிகளுக்குப் பணத்தை எந்த வரிசையில செலவு பண்றோம்ங்கிறதுதான் எல்லாமே.

இன்னொரு பக்கம் பெரிய பூங்காக்கள். 2024 அக்டோபர்ல கதீட்ரல் ரோட்ல கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தாங்க. 6 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல, செலவு சுமார் 46 கோடி, 500 மீட்டர் ஜிப்லைன். நானும் போனேன், நல்லாத்தான் இருந்துச்சு. திறந்தப்போ நுழைவுக் கட்டணம் பெரியவங்களுக்கு 100, குழந்தைகளுக்கு 50. ரெண்டு பெரியவங்க, ரெண்டு பசங்கன்னா ஜிப்லைன் பக்கம் போகாமலே 300 ரூபா. அந்தப் பூங்கா வேணாம்னு நான் சொல்லல. ஊருக்கு அப்படி ஒண்ணு இருக்கணும். என் கேள்வி வரிசையைப் பத்தினது மட்டும்தான். முதல்ல எது, அப்புறம் எது, அதை எதை வச்சு முடிவு பண்றது?

ஆறு இடம்

எங்க ஆறு இடங்களைச் சொல்லிடறேன். வார்டு நம்பர் வேணாம்.

ஒண்ணு, பெரிய பார்க். காலையில வாக்கிங் கூட்டம் நிறைய. அங்கே செயற்கை நீரூற்றும் புது ஜிம் கருவிகளும் கேக்குறாங்க. ரெண்டு, கால்வாய் ஓரமா ஒரு நடைபாதை. மூணு, ஊஞ்சல் சங்கிலி அறுந்து தொங்குற ஒரு குழந்தைகள் பார்க். நாலு, மத்தியானம் முழுக்கப் பூட்டிக் கிடக்குற ஒரு பழைய பார்க். கழிவறை இருக்கு, அதுக்கும் பூட்டு. அஞ்சு, எங்க தெருப் பக்கத்துல இருக்குற கால்பந்து கிரவுண்டு. விளக்கும் சுத்தி வலையும் கேக்குறாங்க. ஆறு, ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் ஹவுசிங் போர்டு பிளாக்குகளுக்கு நடுவுல ஒரு காலி இடம். இப்போ குப்பையும் ஓடாத ரெண்டு வேனும் நிக்குது.

ஒரு விஷயத்தை இப்பவே சொல்லிடணும். அஞ்சாவது இடத்துல என் தங்கச்சி விளையாடுறா. ஒன்பதாவது படிக்கிறா, லெஃப்ட் விங். எங்க பக்கம் பொண்ணுங்க கால்பந்து ஆடுறது அதிசயம் இல்ல. ஆனா ஆறரை மணிக்கு இருட்டினா அம்மா கூப்பிட்டுடுவாங்க. பசங்க ஒன்பது வரைக்கும் ஆடுவாங்க. அதனால அந்த விளக்கு எனக்கு வெறும் எஸ்டிமேட் இல்ல.

தலை எண்ணிக்கை

இந்த மாதிரி ஆய்வுகள்ல வழக்கமா முதல்ல செய்றது தலை எண்றது. காலையில ரெண்டு மணி நேரம், சாயந்திரம் ரெண்டு மணி நேரம் கேட் பக்கத்துல நின்னு யார் யார் வர்றாங்கன்னு எழுதணும். நாங்களும் நோட்டும் பேனாவுமா நின்னோம். பெரிய பார்க் ஜெயிச்சுது. கால்பந்து கிரவுண்டு ரெண்டாவது. ஹவுசிங் போர்டு இடத்துக்கு விடை பூஜ்ஜியம். குப்பை மேட்டுக்கு யார் வருவா?

இந்த நம்பரை அப்படியே எடுத்தா முடிவு சுலபம்: நிறையப் பேர் வர்ற இடத்துக்குப் பணம் கொடு. ஆனா எங்க டீம்ல இதுக்குப் பெரிய சண்டை. ஒருத்தன் சொன்னான், "பூஜ்ஜியம் பேர் வர்ற இடத்துக்கு எதுக்குக் காசு?" இன்னொருத்தி சொன்னா, "பாலம் இல்லாத ஆத்துல எத்தனை வண்டி போகுதுன்னு எண்ணிப் பாத்துட்டு, வண்டியே போகல, அதனால பாலம் வேணாம்னு சொல்லுவியா?"

இதுக்கு சென்னையிலயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 2022 நவம்பர் 27-ஆம் தேதி மெரினாவுல மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தாங்க. 263 மீட்டர் நீளம், செலவு சுமார் 1 கோடியே 14 லட்சம். அதுக்கு முன்னாடி சில வருஷங்கள்ல டிசம்பர் 3-ஐ ஒட்டி தற்காலிகமா ஒரு பாதை போடுவாங்க, அப்புறம் எடுத்துடுவாங்க. மத்த நாள்ல நீங்க நோட்டும் பேனாவுமா அலை பக்கத்துல நின்னு, வீல்சேர்ல எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணியிருந்தா என்ன விடை வந்திருக்கும்? பூஜ்ஜியம். மணல்ல சக்கரம் ஓடாது. அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்து "தேவை இல்ல"ன்னு எழுதியிருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் விடாமக் கேட்டதாலதான் அந்தப் பூஜ்ஜியத்துக்கு வேற அர்த்தம் கிடைச்சுது. இத்தனை வருஷமா இதே ஊர்ல இருந்தும் முதல் தடவையா அலையில கால் நனைச்சவங்க அன்னிக்கு இருந்தாங்க.

பொண்ணுங்க விஷயமும் இதே கதைதான். ஆஸ்திரியாவோட தலைநகர் வியன்னாவுல 1990-கள்ல பூங்காக்களைப் பத்தி ஆய்வு பண்ணினாங்க. ஏறக்குறைய பத்து வயசுக்கு மேல பொண்ணுங்க பார்க்குக்கு வர்றது குறைஞ்சுடுதுன்னு தெரிஞ்சுது. பசங்க அப்படிக் குறையல. நடுவுல ஒரே ஒரு பெரிய ஆடுகளம் இருந்தா அதை யார் பிடிப்பாங்கன்னு நமக்குத் தெரியும். 1999-ல ரெண்டு பார்க்கை மாத்தி அமைச்சாங்க: பெரிய களத்தைச் சின்னச் சின்ன இடங்களாப் பிரிச்சாங்க, நல்ல பாதை போட்டாங்க, வாலிபால், பேட்மிண்டனுக்கு இடம் ஒதுக்கினாங்க. பொண்ணுங்க திரும்ப வந்தாங்க. அவங்களுக்கு விளையாடப் பிடிக்காம இல்ல. இடம்தான் அவங்களை வெளியே தள்ளிக்கிட்டு இருந்துச்சு.

அதனால தலை எண்ணிக்கையை நாங்க தூக்கிப் போடல. அது ஒரு அளவுகோல். கூடவே இன்னொரு அளவுகோல் வச்சோம்: பத்து நிமிஷ நடையில எந்தத் திடலும் இல்லாதவங்க எத்தனை பேர்? இதுக்கு மேப்ல வட்டம் போடுறதுதான் வழக்கம். நாங்க நடந்து பார்த்தோம். ஹவுசிங் போர்டுல இருந்து கால்பந்து கிரவுண்டு மேப்ல 400 மீட்டர் கூட இல்ல. ஆனா நடுவுல ரயில் லைன். சப்வே சுத்திப் போனா ஒன்றரைக் கிலோமீட்டர். எட்டு வயசுப் பையன் அந்தச் சுத்து சுத்த மாட்டான், தண்டவாளத்தைத் தாண்டுவான். நாங்க நின்ன ஒரு சாயந்திரத்துலயே தாண்டினாங்க.

எடை போடுறவங்க யார்?

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எளிமையானது. ஏ.எச்.பி.னு ஒரு முறை இருக்கு. தாமஸ் சாட்டிங்கிறவர் 1970-கள்ல உருவாக்கினது. பல விஷயங்களை ஒரே நேரத்துல ஒப்பிட நம்ம மூளை திணறும், ஆனா ரெண்டு ரெண்டா ஒப்பிடச் சொன்னா செய்யும். "இடம் இல்லாதவங்க முக்கியமா, செலவு குறைவா இருக்குறது முக்கியமா? எவ்வளவு முக்கியம், 1 முதல் 9 வரைக்கும் சொல்லு." அஞ்சு அளவுகோல் இருந்தா 10 ஜோடி. அந்தப் பத்து பதில்ல இருந்து ஒவ்வொரு அளவுகோலுக்கும் வெயிட்டேஜ் கிடைக்கும். பதில்கள் ஒண்ணுக்கொண்ணு முரண்படுதான்னு பார்க்கவும் ஒரு விகிதம் இருக்கு, அது 0.1-க்குக் கீழே இருந்தா ஏத்துக்கலாம்.

எங்க அஞ்சு அளவுகோல்: இப்போ வர்றவங்க, பக்கத்துல இடமே இல்லாதவங்க, செலவும் நிலத் தகராறும், பெண்கள், வயசானவங்க, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடியுமா, கடைசியா பராமரிப்புக்கு வழி இருக்கா.

நாங்க படிச்ச பேப்பர்கள்ல இந்த ஃபார்மை "நிபுணர்கள்" நிரப்புவாங்க. அதாவது பேராசிரியர், அதிகாரி, கன்சல்டன்ட். நாங்களும் அப்படி ஏழு பேர்கிட்ட வாங்கினோம். அப்புறம் அதே ஃபார்மைத் தமிழ்ல போட்டு வார்டுக்குள்ள எடுத்துட்டுப் போனோம். டீக்கடை, தையல் கடை, ஹவுசிங் போர்டு படிக்கட்டு, எங்க வீடு.

எங்க ஆயாவுக்கு 71 வயசு. முட்டி வலி. ஒவ்வொரு ஜோடியாப் படிச்சுக் காட்டினேன்.

"ஆயா, செலவு கம்மியா இருக்குறது முக்கியமா, உன்னை மாதிரி ஆளுங்க வர முடியறது முக்கியமா?"

"நான் வர முடியாத எடத்துக்கு எவ்ளோ கம்மியா செலவு பண்ணா எனக்கு இன்னாடி?"

"பார்க்ல என்ன இருந்தா நீ வருவ?"

"கக்கூசு இருந்தா வருவேன். உங்க அம்மாவும் அதுக்குத்தான் வரல. கேட்டா டைம் இல்லன்னுவா."

அம்மா அடுப்படியில இருந்து ஒண்ணும் சொல்லல. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரின்னு எங்க போனாலும் காலையில இருந்து தண்ணி குடிக்காமக் கிளம்புற பழக்கம் அவங்களுக்கு உண்டு. அது வெறும் பழக்கம்னுதான் நான் இத்தனை வருஷமா பாத்துட்டு இருந்தேன். அதுல ஒரு நகரத் திட்டம் இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

ஆயாவோட முரண்பாட்டு விகிதம் 0.04. டீம்ல எல்லாரையும் விட, ரெண்டு நிபுணர்களை விடவும் குறைவு. தனக்கு என்ன வேணும்னு அவங்களுக்குக் குழப்பமே இல்ல.

ரெண்டு செட் வெயிட்டேஜையும் ஒரே டேட்டாவுல ஓட்டினோம். நிபுணர்கள் கணக்குல முதல் இடம் பெரிய பார்க், ரெண்டாவது கால்வாய் நடைபாதை. வார்டு மக்கள் கணக்குல முதல் இடம் ஹவுசிங் போர்டு காலி இடம், ரெண்டாவது கழிவறை பூட்டிக் கிடக்குற பழைய பார்க். நாங்க எண்ணின தலை மாறல, அளந்த தூரம் மாறல, எஸ்டிமேட் மாறல. வெயிட்டேஜ் மட்டும்தான் மாறிச்சு.

"டேட்டா சொல்லுது"ன்னு நாம அடிக்கடி சொல்றோம். டேட்டா பாதிதான் சொல்லுது. மீதியை, எது முக்கியம்னு முடிவு பண்ற ஆள் சொல்றாங்க. கான்கிரீட் கியூபுக்கு அந்த ஆள் தேவையில்ல. பார்க்குக்குத் தேவை. முதல் ரிவியூவுல கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: அந்த ஆள் யாருன்னு மறைக்காம எழுதி வைக்கிறதும் இன்ஜினியரிங்தான்.

திறப்பு விழாவுக்கு அடுத்த நாள்

மெரினா மரப்பாதைக்கு அடுத்து என்ன ஆச்சு? திறந்து ரெண்டு வாரம் ஆகறதுக்குள்ள மாண்டஸ் புயல். பாதையோட ஒரு பகுதி உடைஞ்சுது. சரி பண்ணித் திரும்பத் திறந்தாங்க. கடலுக்குப் பக்கத்துல மரம் போட்டா ஒரு நாள் அலை வரும். அதுக்கான பணமும் அந்தத் திட்டத்தோட ஒரு பகுதிதான். ஆனா நம்ம எஸ்டிமேட்கள்ல கட்டுற செலவு பெரிய எழுத்துல இருக்கும், பராமரிப்பு வேற ஃபைல்ல இருக்கும்.

அந்த ஃபைல் காலியானா என்ன நடக்கும்? 2024 அக்டோபர் கடைசியில சென்னை மாநகராட்சி ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைப் பராமரிக்கத் தனியார்கிட்ட கொடுக்குறதுக்கு மன்றத்துல தீர்மானம் போட்டுச்சு. கட்டணம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஆளுக்கு 120 ரூபா. எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்லயே வாபஸ் வாங்கி, இலவசமாவே தொடரும்னு சொன்னாங்க. நல்ல முடிவு. என் தங்கச்சி ஆடுறது அந்த ஒன்பதுல ஒண்ணு இல்ல, மண் தரைதான். ஆனா செய்தி வந்த அன்னிக்கு ராத்திரி அவ என்கிட்ட கேட்டது ஞாபகம் இருக்கு: "டெய்லி ரெண்டு மணி நேரம் பிராக்டீஸ்னா 240 ரூபா. மாசத்துக்கு எவ்ளோக்கா?" 25 நாள்னு வச்சா 6,000. கணக்கு போட்டுட்டு ரெண்டு பேரும் பேசாம இருந்தோம். எங்க வீட்டு வாடகையில பாதி அது.

கட்டணம் கேட்டவங்க தரப்புலயும் ஒரு உண்மை இருக்கு. செயற்கைப் புல் தேயும், வலை கிழியும், விளக்குக்குக் கரண்ட் பில் வரும். அந்தப் பணம் எங்கிருந்தோ வந்துதான் ஆகணும். அதை ஆடுற பசங்க பாக்கெட்ல இருந்து எடுக்கணுமாங்கிறதுதான் கேள்வி. கட்டுறதுக்கு முன்னாடியே பத்து வருஷப் பராமரிப்பையும் சேர்த்து எழுதியிருந்தா, ஒன்பது திடலுக்குப் பதிலா ஆறுதான் கட்டியிருக்க முடியும்னு தெரிஞ்சிருக்கலாம். ஆனா அந்த ஆறும் கேள்வியே இல்லாம இலவசமா இருந்திருக்கும்.

பணம் போட்டாத்தான் பணம்

அமெரிக்காவுல 1964-ல ஒரு சட்டம் போட்டாங்க: நிலம் மற்றும் நீர் பாதுகாப்பு நிதி. கடலுக்குள்ள எடுக்குற எண்ணெய், எரிவாயு வருமானத்துல இருந்து ஒரு பங்கு பொது விளையாட்டிடங்களுக்குப் போகும். ஒவ்வொரு மாநிலமும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை திட்டம் எழுதணும். எந்த வேலைக்கு எவ்வளவு மார்க்னு முன்கூட்டியே வெளிய சொல்லித்தான் தேர்வு பண்ணணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி ஒண்ணு: இந்தப் பணத்துல வந்த இடம் எப்பவும் பொது விளையாட்டிடமாவே இருக்கணும். வேற எதுக்காவது எடுத்தா, அதே மதிப்புல, அதே மாதிரி பயன்படுற இடம் மாத்திக் கொடுக்கணும். நம்ம ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை மெட்ரோ வேலைக்காக மூடினது பத்து வருஷத்துக்கு மேல. இப்போ திரும்பத் திறந்தாச்சு. ஆனா மூடினப்போ ஒண்ணாவது படிச்ச குழந்தை, திறக்கும்போது பிளஸ் ஒன் தாண்டியிருக்கும். அந்தக் குழந்தையோட சாயந்திரங்களை எந்த பட்ஜெட்லயும் திருப்பித் தர முடியாது.

அந்த அமெரிக்க நிதியில ஒரு சிக்கலும் இருக்கு. செலவுல பாதி வரைக்கும்தான் அது தரும். மீதியை உள்ளூர்தான் போடணும். பணம் இருக்குற ஊருக்குத்தான் பணம் கிடைக்கும். இதைச் சரிக்கட்ட, ஏழை நகரப் பகுதிகளுக்குன்னு பின்னாடி தனியா ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. நம்ம ஊர்ல "நமக்கு நாமே" திட்டமும் இதே வடிவம். மக்கள் பங்கா மூணுல ஒரு பங்கு போட்டா மீதி அரசு தரும். நல்ல எண்ணம்தான். ஆனா 9 லட்ச ரூபா வேலைக்கு 3 லட்சத்தை ஒரு அப்பார்ட்மென்ட் சங்கம் ஒரே வாட்ஸ்அப் மெசேஜ்ல திரட்டிடும். ஹவுசிங் போர்டு பிளாக்ல முடியுமா?

அதே அமெரிக்காவுல மினியாபொலிஸ் நகரம் வேற வழி பிடிச்சுது. அங்கே 1883-ல இருந்து பூங்காவுக்குன்னே தனியாத் தேர்ந்தெடுத்த வாரியம் இருக்கு. 2016-ல 20 வருஷத் திட்டம் ஒண்ணு போட்டாங்க. எந்தப் பூங்காவுக்கு முதல்லங்கிறதை வெளிப்படையான மதிப்பெண் முடிவு பண்ணும். சுத்தி இருக்குறவங்க வறுமை, மக்கள் நெருக்கம், எத்தனை இளம் வயசுக்காரங்க, கருவிகள் எந்த நிலைமையில இருக்கு, கடந்த வருஷங்கள்ல அந்தப் பூங்காவுக்கு ஏற்கனவே எவ்வளவு செலவு பண்ணியிருக்காங்க. இந்தக் கடைசி அளவுகோலைப் பாருங்க. நம்ம ஊர்லயும் அதைச் சேர்த்தா போதும், வருஷா வருஷம் டைல்ஸ் மாத்துற பார்க் தானா வரிசையில பின்னாடி போயிடும்.

நாலாவது இடம்

இப்போ எங்க வீட்டுச் சண்டை. வார்டு மக்கள் கொடுத்த வெயிட்டேஜ்ல முதல் இடம் ஹவுசிங் போர்டு, ரெண்டாவது பழைய பார்க், மூணாவது ஊஞ்சல் அறுந்த குழந்தைகள் பார்க். நாலாவதுதான் கால்பந்து கிரவுண்டு. பணம் ரெண்டுக்குத்தான் வரும்னு ஆரம்பத்துலயே சொன்னேன்.

தங்கச்சி லேப்டாப்பை எட்டிப் பார்த்தா. "நீ போட்ட கணக்குல நாங்களே நாலாவதாக்கா?"

எக்ஸெல் ஷீட் திறந்தே இருந்துச்சு. "இப்போ வர்றவங்க"ங்கிற அளவுகோலுக்கு 0.05 கூட்டி, "இடமே இல்லாதவங்க"ல 0.05 குறைச்சா கிரவுண்டு ரெண்டாவது இடத்துக்கு வந்துடும். எனக்கு அது தெரியும், ஏன்னா வெயிட்டேஜ் கொஞ்சம் மாறினா வரிசை எப்படி மாறுதுன்னு பார்க்குறதும் ப்ராஜெக்ட்ல ஒரு சாப்டர். ஒரே ஒரு செல். யாரும் கேட்க மாட்டாங்க. எக்ஸ்டர்னல் கேட்டாலும் "நிபுணர் கருத்து"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம்.

நான் மாத்தல. ஆனா அது எவ்வளவு சுலபம்னு அந்த நிமிஷம் புரிஞ்சுது. 21 வயசுல, ஒரு மார்க்ஷீட்டுக்காகப் போட்ட கணக்குலயே எனக்கு ஒரு கிரவுண்டு இருக்கு. நிஜமா கோடிக்கணக்குல ஒதுக்குறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கிரவுண்டு இருக்கும்: அவங்க தெரு, அவங்க ஓட்டு, அவங்க காலையில நடக்குற பார்க். அவங்க கெட்டவங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல. தங்கச்சி மேல பாசம் இருந்தாலே போதும்.

அதனாலதான் எங்க ரிப்போர்ட்ல முதல் பரிந்துரை இது: வெயிட்டேஜை முதல்ல வெளியிடணும், இடங்களோட பட்டியலை அப்புறம்தான் திறக்கணும். எந்த இடம் ஜெயிக்கும்னு தெரியாதப்பவே எது முக்கியம்னு ஊர் முடிவு பண்ணணும். ரெண்டாவது, பத்து வருஷப் பராமரிப்பு இல்லாத எஸ்டிமேட்டை வரிசையிலயே சேர்க்கக் கூடாது. மூணாவது, வர்றவங்களை எண்ற ஒவ்வொரு தடவையும் வராதவங்க யார், ஏன் வரலன்னு ஒரு பக்கம் எழுதணும்.

தங்கச்சிகிட்ட இதெல்லாம் சொல்லல. ரயில் லைனைத் தாண்டுற பசங்களைப் பத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அவங்க கிரவுண்டு ரெடியானா எங்களோட மேட்ச் போடலாம்ல?"ன்னா. அப்புறம், "ஆனா அடுத்த வருஷம் லைட் நாங்கதான்"னா. அடுத்த வருஷம் பட்டியல்ல முதல் மூணு வேலையில எது முடிஞ்சிருக்குன்னு பார்த்துட்டுத்தான் அதுக்குப் பதில் சொல்ல முடியும். அந்தப் பட்டியல் ஊருக்குத் தெரிஞ்சிருந்தா அவளே போய்க் கேட்டுக்கலாம்.

கேட்கிறதுக்கு ஒரு இடமும் இருக்கு. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் பகுதி சபா வச்சிருக்காங்க. 2022-ல விதிகள் போட்டு, அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்னிக்கு நடத்த ஆரம்பிச்சாங்க. சென்னையில 200 வார்டு. நம்ம காலேஜ்ல அதுல எத்தனை வார்டுல இருந்து ஆள் இருக்கோம்னு யோசிங்க. உங்க பகுதி சபாவுல யாராவது பார்க் பத்திப் பேசினா, "எந்த வரிசையில, எதை வச்சு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

எங்க பட்டியலை ஒரே பக்கத்துல, தமிழ்ல பிரிண்ட் எடுத்து வச்சிருக்கோம். அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போறோம். ஆயாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. கூட்டம் நடக்குற இடத்துல கழிவறை இருக்கான்னு மட்டும் முதல்ல விசாரிக்கச் சொன்னாங்க.